பதினாறு வயதுக் கோபத்தை எழுதுவது எப்படி?

விடலைப் பருவத்துப் பாத்திரத்தை வைத்து முதல்முறையாகக் கதை எழுதுகிறவர்களிடம் ஒரு காட்சி தவறாமல் வரும். பையன் கதவை அறைந்து சாத்துவான். செல்போனைச் சுவரில் எறிவான். மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பான். அந்த வானத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுதுகிறவர் ஒன்றரைப் பக்கத்துக்கு அவன் மனசை விளக்குவார். அவன் கோபக்காரன் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். ஏன் இந்தக் கோபம், ஏன் இன்றைக்கு, ஏன் இந்த ஆள் மேல் என்பது தெரியாது.

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். வெளியே விழுகிற அடி, உள்ளே ஏற்கெனவே புண்ணாக இருக்கிற இடத்தில் பட வேண்டும். வேறு இடத்தில் பட்டால் எத்தனை பலமான அடியானாலும் அது செய்தித்தாளில் வரும் சம்பவம் மாதிரி நின்றுவிடும். உள்மோதலையும் வெளிமோதலையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, பிறகு இரண்டையும் ஒரே முடிச்சில் போடுவதற்கான வழி கீழே இருக்கிறது. (சங்கப் பாட்டின் அகம், புறத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அகம் என்றால் காதல் வாழ்க்கை. இங்கே உள்மோதல் என்பது ஒருவன் தன்னோடு தானே மல்லுக்கட்டுவது.)

தேவையானவை: ஒரு நோட்டு, அதில் நாலு பக்கம், இரண்டு மாலை நேரம். இலக்கு 2,000 முதல் 2,500 சொற்களுக்குள் அடங்கும் ஒரு சிறுகதை. நாவல் ஆசை இருப்பவர்களும் முதலில் இந்த அளவில் ஒன்று முடித்துப் பார்ப்பது நல்லது.

முதல் படி: வயதையும் வருடத்தையும் குறியுங்கள்

'டீன் ஏஜ்' என்று ஒரு வயது கிடையாது. பதின்மூன்று வயதுக்காரன் எட்டாவது படிக்கிறான். அம்மா திட்டினால் இன்னும் அழுகை வரும். பதினைந்தில் பத்தாவது, வீட்டுப் பேச்சைவிட பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் பேச்சு பெரிது. பதினேழில் பிளஸ் டூ. வீட்டைவிட்டு வெளியே போகும் வழி கண்ணில் படுகிறது, கோபத்தில் கொஞ்சம் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. அதனால் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: வயது, வகுப்பு, எடுத்த குரூப், ஊர், வருடம்.

வருடம் எதற்கு என்று தோன்றும். தமிழ்நாட்டில் கதை நடந்தால் கட்டாயம் தேவை. 2018 மார்ச் வரை பிளஸ் டூ மதிப்பெண் 1,200-க்கு, 2019-லிருந்து 600-க்கு. 'மாநிலத்தில் முதலிடம்' என்று பெயர் அறிவிக்கும் வழக்கம் 2017-இல் நின்றுபோனது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2018-இல் வந்தது, 2025-26 கல்வியாண்டில் நீக்கப்பட்டது. 2022-இல் நடக்கும் கதையில் 1,150 மார்க் வாங்கிய பெண் வந்தால் பள்ளிக்கூடம் போன எந்த வாசகரும் அங்கேயே நின்றுவிடுவார். இன்னொரு பக்கம், 2021-இல் கொரோனாவால் பரீட்சை எழுதாமலே பத்தாவது தேறியவர்கள் இருக்கிறார்கள். 'ஆல் பாஸ் பேட்ச்' என்று கேலி கேட்டே பிளஸ் டூ முடித்த அந்தப் பிள்ளைகளின் மனசில் 'நான் நிஜமாகவே பாஸ்தானா' என்ற கேள்வி இருந்திருக்கும். யாராவது எழுதினால் நல்ல கதை.

வயதோடு சட்டமும் கூடவே வரும். பதினாறு வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். கியர் வைத்த பைக்கில் அவனை விரட்டி ஓடவிடுகிறீர்கள் என்றால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வண்டியின் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வரலாம் என்பதைக் கதைக்குள் இருப்பவர்கள் அறிந்திருப்பார்கள். போலீஸ் பிடித்தால் லாக்கப் கம்பிக்குப் பின்னால் உட்காரவைக்கும் சினிமாக் காட்சி வேண்டாம். பதினெட்டு நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம். நடைமுறை மீறப்படுவதைத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால், மீறல் என்று தெரிந்தே எழுதுங்கள்.

இரண்டாம் படி: உள்முடிச்சு

இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும். நோட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க இதற்கு.

'அவன் தனிமையில் இருக்கிறான்', 'அவளுக்கு மன அழுத்தம்' என்று எழுதினால் அது நிலைமை. மோதல் என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு விருப்பங்கள் எதிரெதிராக இழுக்க வேண்டும், இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். நடுவில் 'ஆனாலும்' போட்டு ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்தச் சொல்லின் எந்தப் பக்கத்தை வெட்டினாலும் பாத்திரம் செத்துவிட வேண்டும். 'படிக்க ஆசை, ஆனாலும் சோம்பேறித்தனம்' என்பது தேறாது. சோம்பேறித்தனத்தை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரே பாத்திரத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போவோம். பெயர் தினேஷ். பதினாறு வயது, திருப்பூர், அரசு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா இருபது வருடம் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது, தையல் நேராக வரவில்லை. இப்போது அதே ஊரில் வேறொரு கம்பெனியில் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, மடித்து, அடுக்குகிற வேலை. தொழில் பழக வருகிற சின்னப் பையன்கள் செய்வது. நாற்பத்தாறு வயதில் அவர் செய்கிறார்.

தினேஷின் வரி: 'அப்பா என்றால் உயிர், ஆனாலும் அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது.' எந்தப் பக்கத்தை வெட்டினாலும் கதை போய்விடும். வெட்கம் மட்டும் இருந்தால் அவன் சாதாரண உதவாக்கரை. பாசம் மட்டும் இருந்தால் பள்ளி ஆண்டு விழா நாடகம். வெட்கப்படுவதற்காகவே தன்மேல் வெட்கப்படுகிறான் பாருங்கள், அங்கேதான் கோபம் ஊறுகிறது.

அடுத்தது முக்கியம். இந்த வரி உங்களுக்குத் தெரியும், தினேஷுக்குத் தெரியக்கூடாது. 'எனக்கு ஸ்கூல் பிடிக்கல', 'அந்த ஹரி பெரிய இவனா?' என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் (ஹரி அவன் வகுப்பில் படிப்பவன்). பதினாறு வயதில் தன் புண்ணுக்குச் சரியான பெயர் வைக்கத் தெரிந்தவன் கலங்கிப்போன பையனே இல்லை; அவன் கவுன்சலர்.

டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் சொன்ன ஒரு விஷயம் இங்கே உதவும். இந்த வயதில் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் இருக்கும். மண்டைக்குள்ளேயே ஒரு கற்பனைக் கூட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதை எழுத்தில் பயன்படுத்த, அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று மூன்று பேரைக் குறித்துவையுங்கள். தினேஷுக்கு: ஹரி, ஹரியின் மாமா (அப்பா வேலை செய்யும் லைனுக்கு சூப்பர்வைசர்), கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பெண், அவளோடு இவன் பேசியதே இல்லை. தனியாக இருக்கும்போதும் இந்த மூவர் பார்ப்பதாக நினைத்தே அவன் நடப்பான், முடியைச் சரிசெய்வான், பொய் சொல்வான்.

உங்கள் பாத்திரம் பெண் என்றால் இந்தப் பார்வைக் கூட்டத்தின் அளவு பெரிதாகும். தெருவே பார்க்கும். கதவை அறைந்து சாத்தும் உரிமை பல வீடுகளில் அவளுக்குக் கிடையாது. சாப்பாடு வேண்டாம் என்பது, தலை பின்ன விடாமல் இருப்பது, கேட்டதற்கு 'சரிங்கம்மா' என்று அளவுக்கு அதிகமான பணிவோடு சொல்வது என்று கோபம் வேறு வழிகளில் வரும். கல்யாணப் பேச்சு வெளிமோதலாக வந்தால், பதினெட்டுக்குக் கீழே அது குழந்தைத் திருமணம் என்பதும் 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் இருப்பதும் அவள் வகுப்புத் தோழிகளுக்காவது தெரிந்திருக்கும். யாருக்குமே தெரியாது என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். தெரிந்தும் ஏன் யாரும் அந்த எண்ணுக்குப் போடவில்லை என்பதில்தான் கதை இருக்கிறது.

மூன்றாம் படி: வெளியே ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு பொருள்

'சமூகம் அவனை ஒடுக்கியது' என்று நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். சமூகம் பள்ளிக்கூடத்துக்குள் வரும்போது ஓர் ஆளாகத்தான் வரும், அந்த ஆள் ஒரு கெடு வைப்பார், அவர் கையில் ஏதாவது இருக்கும்.

தென் மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் மணிக்கட்டில் கட்டுவது பற்றிப் பல வருடமாகப் பேச்சு இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சாதி என்ற பெரிய சொல்லை வைத்துப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, 'நாளைக்கு வரும்போது கயிறு கட்டிட்டு வா, இல்லைன்னா எங்ககூட உக்காராதே' என்று ஒருவன் சொல்வது கூர்மையாக இறங்கும். ஆள் இருக்கிறான், நேரம் இருக்கிறது, பொருளும் இருக்கிறது.

தினேஷுக்கு அவ்வளவு பெரிய விஷயம் தேவையில்லை. ஹரி வகுப்பில் எல்லோர் முன்னாலும், 'ஏன்டா, உங்கப்பா எங்க மாமா லைன்ல கைமடியாமே?' என்று கேட்கிறான். தினேஷ் மூக்கில் குத்துகிறான். கிளாஸ் சார் கூப்பிட்டு, 'நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்' என்கிறார். ஆள்: சார். நேரம்: நாளைக்குப் பத்து. பொருள்: அப்பா சாப்பாடு கொண்டுபோகும் தூக்குப்போசி (தூக்குப்பாத்திரம்), அது எப்படி வருகிறது என்பது பின்னால்.

இங்கே ஒரு விவரம். குத்துவதற்கு முன் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கார் ஓட்டும் வீடியோ விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக இருந்தபோது எடுக்காத ஆபத்தையெல்லாம் நண்பர்கள் பார்க்கும்போது எடுத்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அதே கேள்வியை ஹரி தண்ணீர்த் தொட்டி அருகே தனியாகக் கேட்டிருந்தால் தினேஷ் 'போடா டேய்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். சாட்சிகள் எத்தனை பேர் என்பதைக் காட்சிக்குக் காட்சி குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முடிச்சைச் சோதியுங்கள்

தினேஷை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பையனை நிறுத்துங்கள். அவனையும் சார் அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறார். அவன் வீட்டில் சொல்லி, நாலு அடி வாங்கி, மறுநாள் அப்பாவோடு வருவான். கதை இல்லை. தினேஷால் மட்டும் அது முடியாது, ஏனென்றால் அப்பாவை எல்லோர் முன்னாலும் நடக்கவைத்துக் கூட்டிவரச் சொல்கிறார்கள். சாருக்கு அது தெரியாது. சார் வைத்தது சாதாரண ஒழுங்கு நடவடிக்கை. அதனால்தான் சாரை வில்லனாக்கத் தேவையே இல்லை.

மாற்றி நிறுத்திய பையனும் இவன் செய்ததையே செய்வான் என்றால் முடிச்சு விழவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். பல கதைகள் இந்த இடத்தில்தான் நொண்டுகின்றன. எழுதுகிறவர்கள் காரணத்தைக் கடைசிக் காட்சியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: தவறான முடிவுகளின் வரிசை

கலங்கிய பிள்ளை அடிக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் அடிக்கும். ஒவ்வொரு முடிவும் அப்போதைக்கு அவனுக்கு நியாயமாகத் தெரிய வேண்டும். அடுத்ததற்கு வழியைக் குறைக்கவும் வேண்டும். 2,200 சொல் கதைக்கு ஐந்து காட்சி போதும்:

வகுப்பில் குத்து, 300 சொல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் 'சித்தப்பான்னு சொல்லிட்டு ஒரு பத்து நிமிஷம் வாங்கண்ணா' என்று கெஞ்சுவது, 400. வீட்டில் ராத்திரிச் சாப்பாடு, அப்பாவிடம் எதுவும் சொல்லாதது, 450. மறுநாள் சாரின் அறை, 700. அன்று ராத்திரி, 350.

ஏன் நான்காவதற்கு மட்டும் எழுநூறு? உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வெடிக்கும் இடம் அது ஒன்றுதான். புதியவர்கள் எல்லாக் காட்சிக்கும் சம அளவு கொடுத்துவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு எது முக்கியம் என்று தெரியாமல் போகிறது. மூன்றாவது காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கும், ஆனால் அதை வெட்டாதீர்கள். 'என்ன கண்ணு, ஒரு மாதிரி இருக்கற?' என்று அப்பா கேட்பதும், நடுங்கும் கையால் அவர் ரசம் ஊற்றும்போது தினேஷ் தட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பிடிப்பதும் அங்கேதான் வர வேண்டும். அவனுக்கு அப்பாமேல் உள்ள பாசத்துக்கு அந்தத் தட்டு நகர்ந்ததே போதும்.

ஆறாம் படி: மெய்யில் காட்டுவது

உணர்ச்சியைச் சொல்லாதே, காட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நாலு நாலு. வெகுளி, அதாவது கோபம், பிறப்பது உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்வது), அலை (அடித்தும் வைதும் வருத்துவது), கொலை என்பவற்றால். இளிவரல், அதாவது இழிவாக உணர்வது, பிறப்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றால்.

தினேஷின் குத்தை இதில் பொருத்திப் பாருங்கள். வெளியே தெரிவது வெகுளி. தன் குடும்பத்தைத் தாழ்த்திவிட்டான் என்ற குடிகோள். அதற்கு அடியில் கிடப்பது இளிவரல். அப்பாவின் கை நடுக்கம் என்ற பிணியால் வந்தது. விடலைப் பாத்திரத்துக்கு இந்த இரட்டை அடுக்கு கிட்டத்தட்ட எப்போதும் பொருந்தும்: மேலே ஒன்று, அடியில் வேறொன்று. ஒவ்வொரு காட்சிக்கும் நோட்டின் ஓரத்தில் இரண்டையும் குறியுங்கள். மேலேயும் கோபம், அடியிலும் கோபம் என்று வந்தால் அந்தக் காட்சி தட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். உடம்பு மேலே இருப்பதைக் காட்டட்டும். அடியில் இருப்பதைப் பொருள் காட்டட்டும்.

நான்காவது காட்சியின் ஒரு துண்டு. ரீசார்ஜ் கடை அண்ணன் சித்தப்பாவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், சார் பேசிக்கொண்டிருக்கிறார். ஹரியின் மாமா சொல்லித் தகவல் தெரிந்து, அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

அப்பா செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

'நீங்க யாருங்க?' என்றார் சார்.

அப்பா தினேஷைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

'பக்கத்து வீடுங் சார். பையன் சோத்துப் போசிய மறந்துட்டு வந்துட்டானுங்க. அதான் குடுத்துட்டுப் போலாம்னு.'

தூக்குப்போசியை நீட்டினார். மூடி கிடுகிடுவென்று ஆடியது. தினேஷ் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இன்னும் சூடு இருந்தது. அது அப்பாவுடைய போசி.

இந்தத் துண்டில் வெட்கம், பாசம், துரோகம் என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. கெடு முடிந்தது, சார் தினேஷை வகுப்புக்கு அனுப்பிவிடுவார். வெளிமோதலில் அவன் ஜெயித்துவிட்டான். ஜெயித்த நொடியில்தான் உள்ளே தோற்கிறான். மகன் செய்ய நினைத்ததை அப்பாவே செய்து கொடுத்துவிட்டார். மத்தியானம் அவருக்குச் சாப்பாடும் இல்லை. இதைத் தனியாக எழுதத் தேவையில்லை, வாசகர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

'வந்துட்டானுங்க', 'வீடுங்' என்று வரும் 'ங்க', 'ங்' எல்லாம் கொங்குப் பேச்சு. உங்கள் கதை தூத்துக்குடியில் நடந்தால் இதை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அப்பாவிடம் நீ சொல்வதா நீங்க சொல்வதா என்பதுகூட ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதை முதல் காட்சியிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைத்திருங்கள். கோபத்தில் மட்டும் 'நீங்க' என்பது 'நீ' ஆனால், அந்தச் சின்ன மாற்றம் கதவை உடைத்ததுக்குச் சமம்.

வசனம் பற்றி இன்னும் கொஞ்சம்

இந்த வயதுப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது குறைவு. 'ஒன்னுமில்ல', 'சும்மா', 'தெர்ல'. இவற்றுக்குப் பின்னால் எதையாவது ஒளித்துவைத்தால்தான் மதிப்பு. தேறாத வசனம் இப்படி இருக்கும்:

'ஏன் சாப்பிடல?'

'நீங்க என்னைப் புரிஞ்சுக்கவே மாட்டேங்கறீங்கப்பா! எனக்குன்னு ஒரு மனசு இருக்கு!'

தேறும் வசனம்:

'ஏன் கண்ணு சாப்பிடல?'

'நாளைக்கு எத்தன மணிக்குப் போவீங்க?'

'எப்பவும் போலத்தான். எட்டரைக்கு. ஏன்?'

'சும்மா.'

இரண்டாவதில் அவன் வேவு பார்க்கிறான். பத்து மணிக்கு அப்பா கம்பெனிக்குள் இருப்பாரா என்று உறுதி செய்துகொள்கிறான். அப்பாவுக்கு அது அக்கறையாகக் கேட்கிறது.

கெட்ட வார்த்தை, இன்ஸ்டா ஸ்லாங் இரண்டிலும் கைகட்டியே இருங்கள். வகுப்பறைப் பேச்சுவழக்கு இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். கதை வெளிவரும்போது மாமா ஒருவர் பையன் மாதிரி பேச முயல்வது போல ஒலிக்கும். வேகம், குறுக்கே பேசுவது, பாதியில் விடுவது ஆகியவை பழசாவதில்லை.

எங்கே கெடுகிறது

துன்பத்தை அடுக்குவது முதல் தவறு. அப்பா குடிகாரர், அம்மா நோயாளி, அக்கா ஓடிப்போனவள், வீட்டில் கடன், பள்ளியில் கேலி. ஐந்து காயம் இருந்தால் வெளியே விழும் அடி எதில் பட்டது என்று தெரியாது. ஒன்று போதும். மேலே அப்பாவுக்குக் குடிப்பழக்கம் கொடுக்காததற்குக் காரணம் அதுதான். குடி இருந்திருந்தால் மகனின் வெட்கத்துக்கு வாசகர் உடனே மன்னிப்புக் கொடுத்துவிடுவார், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, பெரியவர்களை முட்டாளாக்குவது. ஒவ்வொரு பெரியவருக்கும் அவர் பக்கத்து நியாயத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஹரிக்கும் எழுதுங்கள். அவன் கேட்டது கேலியா, நிஜமாகத் தெரிந்துகொள்ளவா என்பது தெளிவில்லாமல் இருந்தால் கதைக்கு இன்னும் நல்லது.

மூன்றாவது, எல்லாம் புரிந்த ஒரு டீச்சரோ தாத்தாவோ வந்து பிரச்சினைக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போவது. அவர் வாயில் உங்கள் கருத்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான்காவதை நிதானமாகப் படியுங்கள். வேறு வழி தெரியாமல் பாத்திரத்தைத் தற்கொலைக்குக் கொண்டுபோய் முடிப்பது புதியவர்களிடம் அதிகம். கதையாகவும் அது பலவீனம். முடிச்சை அவிழ்க்காமல் நூலை அறுப்பது. அதைவிட முக்கியம், படிக்கிறவர்களில் அதே வயதும் அதே புண்ணும் உள்ளவர்கள் இருப்பார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது கதைக்குத் தவிர்க்க முடியாதது என்றால், எப்படிச் செய்தான் என்ற விவரம் வேண்டாம். அதனால் பிறர் திருந்தினார்கள், பழி தீர்ந்தது என்றும் எழுத வேண்டாம். உதவி கேட்கும் இடம் ஒன்று கதை உலகத்துக்குள் இருக்கட்டும். மனநல உதவிக்கு 14416 என்ற அரசு எண் 2022-லிருந்து இருக்கிறது.

முடிவு

இரண்டு மோதலையும் ஒன்றாகத் தீர்த்துவைக்காதீர்கள். வெளியே உள்ளது முடியட்டும். உள்ளே உள்ளது ஒரு பல் மட்டும் நகரட்டும். தலைகீழாகவும் செய்யலாம்: வகுப்புக்குள் விடாமலே போகட்டும், அப்பாவோடு மட்டும் ஏதோ ஒன்று சரியாகட்டும்.

தினேஷ் கதைக்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் முடிவு: மாலையில் கம்பெனி கேட் முன்னால், ஹரியின் மாமா உட்பட எல்லோரும் பார்க்க, 'அப்பா!' என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான். தியேட்டரில் கைதட்டுவார்கள். காலையில் அத்தனை வெட்கப்பட்டவன் சாயங்காலம் அதைச் செய்ய மாட்டான்.

ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் விடும் நேரத்தில் போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போகட்டும். கேட்டுக்கு எதிர்ப்பக்கம், பேக்கரி வெளிச்சம் படாத இடத்தில் நிற்கட்டும். வந்துவிட்டான், ஆனால் ரோட்டைத் தாண்டவில்லை. கூட்டத்தோடு வெளியே வரும் அப்பா அவனைப் பார்த்துவிட்டு, கூட வருகிறவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார். தினேஷ் போசியைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறான். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

திருத்தும்போது

எழுதி முடித்ததை ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வலி, வெறுமை, ஏக்கம், மௌனம், கண்ணீர் ஆகிய ஐந்து சொற்களையும் தேடி வட்டம் போடுங்கள். 2,000 சொல்லில் மூன்று வட்டத்துக்கு மேல் விழுந்தால், மிச்ச இடங்களில் உடம்போ பொருளோ வர வேண்டும். ஆச்சரியக்குறிகளை எண்ணுங்கள், இரண்டுக்கு மேல் இருந்தால் பாத்திரத்துக்குப் பதிலாக நீங்கள் கத்துகிறீர்கள். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு அதற்கு முந்தைய பத்தியோடு முடித்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினாறு, பதினேழு வயதுள்ள ஒருவரிடம் கொடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சிரிப்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நீங்கள் சிரிக்க எழுதாத இடத்தில் கோடு விழுந்திருந்தால் அது பெரும்பாலும் வசனமாக இருக்கும். அவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டு, வாயிலிருந்து வந்தபடியே அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.